பதினைந்து நடைக் கடிகாரம்

மார்ச் 4
பார்ஜ் மேல்தள அறை

அண்ணிக்கு,

போனில் பேசினால் நீங்கள் ஒன்று சொல்வீர்கள், நான் நாலு சொல்வேன், நடுவில் எங்கள் அண்ணன் "ஹலோ, ஹலோ, சரியா கேக்கலையே" என்று பொய் சொல்லி வைத்துவிடுவார். போன மாதம் அதுதானே நடந்தது? அதனால் எழுதுகிறேன். இங்கிருந்து உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வாராவாரம் கடல் சேறு போகிறதே, அந்த ஐஸ் பெட்டியின் மூடிக்கு அடியில் இதைச் செருகுகிறேன். சேற்றோடு சேர்த்து என்னையும் அளந்துகொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அறிக்கை எங்கள் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது! கடைசிப் பக்கத்தைச் சூப்பர்வைசர் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறார். "புதிய கப்பல் தளம் கட்டும் இடத்துச் சேற்றிலும், விரிகுடா முனைக்கு அப்பால் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த சுத்தமான புள்ளியின் சேற்றிலும் ஈயம், குரோமியம், காட்மியம் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ளன." கீழே உங்கள் கையெழுத்து. போகிறவர் வருகிறவர் எல்லாம் என் முதுகில் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

லீவுக்கு வந்தவளைச் சாப்பிட உட்காரவைத்து, தட்டில் சோறு போட்ட பிறகு என்ன சொன்னீர்கள்? "நீ ஓட்டுறது கப்பல் இல்ல, மிதக்கிற குப்பைத்தொட்டி. அந்தச் சேத்துல பழைய கப்பல் பட்டறையோட விஷம் அம்பது வருஷமா ஊறிக் கிடக்கு." நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனேன். இப்போது அந்த விஷம் எங்கே போயிற்று அண்ணி? உங்கள் மெஷினே உங்களைக் கைவிட்டுவிட்டதே!

என் அறைச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. போன வருடம் கம்பெனி மேடை போட்டு, மைக் பிடித்துக் கொடுத்தது. அடியில் பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கிறது: "மூன்று நாளில் பதினைந்து நடை. சிறந்த கேப்டன். நவம்பர் 8 முதல் 10 வரை." பதினோரு வருடம் கயிறு இழுத்து, தளம் கழுவி, பரீட்சை எழுதி வாங்கிய கேப்டன் சான்றிதழ் என்னுடையது. இந்தக் கரையில் சேறு சுமக்கும் பார்ஜ் ஓட்டுகிற ஒரே பெண் நான்தான். குப்பைத்தொட்டிக்கு யாராவது கடிகாரம் கொடுப்பார்களா? சொல்லுங்கள்.

ஜெயித்துவிட்ட
நாத்தனார்


மார்ச் 9
ஆய்வுக்கூடம்

வாயாடிக்கு,

மாதிரிப் பெட்டிக்குள் கடிதம் வைக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியது என் கடமை. சொல்லிவிட்டேன். அடுத்ததையும் மூடிக்கு அடியிலேயே வை, இடது பக்கம் வேண்டாம், ஐஸ் உருகி எழுத்து அழிகிறது.

நீ ஜெயித்ததாக வைத்துக்கொள். மெஷின் சொன்ன எண்ணைத்தான் எழுதினேன். எனக்குப் பிடிக்காத எண் வந்தால் மாற்றி எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உன் அண்ணன் நாள் பூராவும் ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிற பல் டாக்டர். வீட்டில் மட்டும் அவர் வாயே திறக்காது. அவரே இரண்டு தடவை "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்.

போன வாரம் சிப்பிக்காரம்மா வந்தார். விரிகுடாவில் தண்ணீர் வற்றும்போது சிப்பி பொறுக்குகிற பெண்களுக்குத் தலைவி அவர். ஒரு பேசின் நிறையச் சிப்பியை என் மேஜைமேல் கவிழ்த்தார். எல்லாவற்றுக்கும் உதடு கறுத்திருந்தது. அளந்தேன். ஈயம் கொட்டிக் கிடக்கிறது. அவர் கேட்டார்: "கம்பெனிக்காரன் சொல்றான், இந்தக் கடலே இப்படித்தானாம், டாக்டரம்மாவே எழுதிக் குடுத்துட்டாங்கன்னு. நீங்களும் அவங்க ஆளுதானா?"

மே 12 அன்று விசாரணைக் குழு உட்காருகிறது. என் அறிக்கை அப்படியே நின்றால் கப்பல் தளத்தின் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிடும். அதன் பிறகு நீ சேற்றைச் சுமந்துகொண்டு ஆழ்கடலுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. விரிகுடாவுக்குள்ளேயே, சிப்பித் திட்டின் மேலேயே கொட்டலாம். இரண்டும் ஒரே சேறுதானே என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேனே.

எங்கே தப்பு செய்தேன் என்று தேடித் தேடிப் பார்க்கிறேன். சுத்தமான புள்ளியை அவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தேன். கட்டுமான இடத்திலிருந்து கால் மணி நேரம், முனையைத் தாண்டியதும். பழைய கலங்கரை விளக்கமும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் தெரியும் இடம். அடித்தளம் சமம், ஆழம் பன்னிரண்டு மீட்டர். அங்கே வலை போடுகிறவர் இல்லை, படகு வழி இல்லை, நீரோட்டமும் மந்தம். யாரும் எட்டிப் பார்க்காத இடம். ஜனவரியில் வாளி இறக்கி அள்ளினோம். அதில் ஈயம் 212. கட்டுமான இடத்தில் 205. ஒரு கிலோ சேற்றுக்கு இத்தனை மில்லிகிராம். சுத்தமான இடத்தில் கூடுதலாக இருக்கிறது! சிரிப்பதா, அழுவதா?

கடிகாரத்துக்கு வாழ்த்துகள். மணி சரியாகக் காட்டுகிறதா?

அண்ணி


மார்ச் 30

வாயாடி,

மூன்று பெட்டி வந்துவிட்டது. மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன். உன்னிடமிருந்து ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. நீ மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்ததாகச் சரித்திரமே கிடையாது. காய்ச்சலா? அல்லது ஜெயித்தவள் தோற்றவளோடு பேசுவதில்லை என்று முடிவா? கோபம் என்றால் திட்டியாவது எழுது. திட்டு வாங்கிப் பழகிவிட்டது.

அண்ணி


ஏப்ரல் 6
பார்ஜ்

அண்ணி,

காய்ச்சல் இல்லை. நாலு கடிதம் எழுதி நாலையும் கிழித்துக் கடலில் போட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நவம்பர் எட்டாம் தேதி காற்று கிளம்பியது. ஆழ்கடலில் கொட்டும் இடத்துக்குப் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், சேறு ஏற்ற ஒரு மணி நேரம். ஒரு நடைக்கு ஏழு மணி. என் இன்ஜின் சூடேறிக்கொண்டே இருந்தது. ரேடியோவில் சூப்பர்வைசர் விடாமல், "எத்தனை நடை கேப்டன்? எத்தனை நடை? ஆம்பள கேப்டன் ரெண்டு பேரு உங்க சீட்டுக்கு வரிசையில நிக்கிறாங்க" என்று உயிரை வாங்கினார். நானும் என் துணை கேப்டனும் மாறி மாறி ஓட்டினோம். ஒன்பது நடை ஒழுங்காகப் போய்க் கொட்டினோம். ஆறு நடை போகவில்லை.

முனையைத் தாண்டியதும் பார்ஜின் அடிக்கதவைத் திறந்து சேற்றைக் கொட்டிவிட்டேன். எல்லாம் ஒரே இடத்தில். உத்தரவு என்னுடையது, துணை கேப்டனுக்கு இதில் பங்கில்லை. கண்ட இடத்தில் கொட்டவில்லை அண்ணி, யோசித்துத்தான் கொட்டினேன். யார் வலையும் கிழியக் கூடாது, யார் படகும் தட்டக் கூடாது, கலங்கிய தண்ணீர் கரைப்பக்கம் போகக் கூடாது. சமமாக, மந்தமாக, யாரும் எட்டிப் பார்க்காத ஓர் இடமாகப் பார்த்தேன். கலங்கரை விளக்கமும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் தெரியும் இடம்.

உங்கள் கடிதத்தில் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். நீங்கள் சுத்தமான சேற்றுக்காகத் தேடிய அதே இடத்தை நானும் தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன். அதே காரணங்களுக்காக! இத்தனை பெரிய கடலில்! நீங்கள் ஜனவரியில் அள்ளியது கடலின் சேறு இல்லை. நான் நவம்பரில் கொட்டிய பட்டறைச் சேறு. அதையே அதோடு ஒப்பிட்டால் ஒன்றாகத்தானே இருக்கும்?

இது வெளியே தெரிந்தால் என் சான்றிதழைப் பிடுங்கிவிடுவார்கள். பதினோரு வருடம் அண்ணி. அதை நினைத்துத்தான் மூன்று வாரம் ஒளிந்துகொண்டிருந்தேன். ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் பார்ஜை வெளியே எடுக்கும்போது சிப்பிக்காரம்மா தண்ணீரில் நின்றுகொண்டு எனக்குக் கை காட்டுகிறார். பொம்பளை ஓட்டுகிறாள் என்று அவருக்கு ஒரு பெருமை. பதிலுக்குக் கை தூக்க முடியவில்லை.

கடிகாரத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க மாட்டிவிட்டேன். என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 8

வாயாடி,

முதலில் திட்டி முடித்துவிடுகிறேன். அறிவிருக்கிறதா உனக்கு? ஆறு நடை! ஒன்று இரண்டு இல்லை, ஆறு! அதற்கு ஒரு கடிகாரம் வேறு! மூன்று மாதம் நான் என்னையே சந்தேகப்பட்டேன், மெஷினைச் சந்தேகப்பட்டேன், அமிலம் தந்த கடைக்காரனைக்கூட விடவில்லை. அங்கே நீ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாய். சரி, திட்டு முடிந்தது.

இப்போது என் முறை. கவ்வும் வாளி மேல் சேற்றை ஒரு சாண்கூட இல்லாத ஆழத்துக்குத்தான் அள்ளும். "சுத்தமான இடம்தானே, இது போதும்" என்று அதோடு நிறுத்திக்கொண்டேன். நீளக் குழாயை இறக்கி எடுத்திருந்தால் அடியில் இருக்கும் பழைய சேறும் வந்திருக்கும். முதல் நாளே வண்டவாளம் வெளியாகியிருக்கும். படிப்புச் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் இதைச் செய்த மாணவனை நான் அறையை விட்டு வெளியே அனுப்பியிருப்பேன். ஆக, பாதி உன் குற்றம், பாதி என் குற்றம்.

உன் கடிதத்தை அமில அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதை யாருக்கும் காட்ட மாட்டேன். உன் வாய்வார்த்தை எனக்கு வேண்டாம், அந்த இடத்துச் சேறே பேசட்டும். நான் வருகிறேன். குழாய் இறக்கப் போகிறேன். சரியாக எந்த இடம், எவ்வளவு கனம் கிடக்கும், அதை மட்டும் எழுது.

மேலும் ஒன்று. மூன்று வாரம் ஒளிந்தாய் என்று வெட்கப்படுகிறாய். நாலாவது வாரம் எழுதினாய் அல்லவா? எனக்கு அது போதும்.

அண்ணி


ஏப்ரல் 15

அண்ணி,

நீங்கள் திட்டிய பிறகுதான் எனக்குப் பசியே எடுத்தது. நன்றி.

கலங்கரை விளக்கத்தைத் தொட்டியோடு ஒட்டினாற்போல வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் வானம் தெரிந்தால் கிழக்கே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். ஆறு நடை மண், அகலமாகப் பரவியிருக்கும். என் கணக்கில் ஒரு முழம் கனம். முழத்துக்கு ரெண்டு விரல் முன்னே பின்னே இருந்தால் என்னைக் கேளுங்கள்.

எங்கள் ஆள் யாரும் படகு தர மாட்டார்கள். சிப்பிக்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று சொல்லவில்லை. "டாக்டரம்மா தப்பைத் திருத்த வர்றாங்க" என்று மட்டும் சொன்னேன். "வரட்டும், துடுப்பால அடிச்சிட்டு அப்புறமா படகுல ஏத்துறேன்" என்றார். ஏற்றுவார், பயப்படாதீர்கள்.

படகுத் தளத்தில் ஈரம் இருக்கும், வழுக்கும். செருப்பைப் பார்த்துப் போடுங்கள்.

நாத்தனார்


மே 3
வீடு, கட்டிலில்

வாயாடி,

செருப்பைப் பார்த்துத்தான் போட்டேன். அப்படியும் வழுக்கியது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அண்ணன் உன்னிடம் ஒன்றுக்கு ஒன்பதாகச் சொல்வார்.

குழாய் இரண்டாவது தடவையில் இறங்கியது. சிப்பிக்காரம்மாவும் நானும் தம் கட்டி மேலே இழுத்தோம். குழாய் படகுத் தளத்துக்கு வந்த நிமிஷம் என் கால் வாரிவிட்டது. விழும்போது ஒரே நினைப்புதான்: குழாய் சாயக் கூடாது, சாய்ந்தால் அடுக்கு கலைந்துவிடும். இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தேன். கணுக்கால் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. சிப்பிக்காரம்மா "ஐயோ, காலு!" என்று கத்துகிறார், நான் "காலை விடுங்க, குழாயைப் பிடிங்க!" என்று கத்துகிறேன். அந்த நிமிஷத்திலிருந்து அவர் என்னைத் துடுப்பால் அடிக்கும் யோசனையைக் கைவிட்டுவிட்டார்.

இப்போது கேள். குழாயை நீளவாக்கில் அறுத்துத் திறந்தோம். மேலே கறுப்புச் சேறு. அதில் செங்கல் நிறத்தில் சின்னச் சின்னச் செதில், கப்பல் அடிப்பாகத்துக்குப் பூசுகிற பழைய பெயின்ட். பட்டறையைத் தவிர அது வேறெங்கும் வராது. பிறகு கத்தியால் கீறினாற்போல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெளுத்த, பச்சை கலந்த, மெத்தென்ற சேறு. என் உதவியாளர் அளவுகோலை வைத்துவிட்டு, "மேடம், நாப்பத்து மூணு சென்டிமீட்டர்" என்றாள்.

ஒரு முழத்துக்கு ஒரு விரல் குறைவு! அடி வாயாடி, கடலுக்கு அடியில் உன் கை அளவு கிடக்கிறது!

துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் அளந்தோம். கோட்டுக்கு மேலே ஈயம் 212, 209, 215. கோட்டுக்குக் கீழே 18. மறுபடி 18. கடைசி வரைக்கும் 18. இந்தக் கடலின் உண்மையான எண் பதினெட்டு. இந்தக் கடலே இப்படித்தான் என்றார்களே, இது இப்படி இல்லவே இல்லை! கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகக் குழுவுக்கு எழுதிவிட்டேன். கம்பெனி நிபுணர் நேற்றே பதில் எழுதிவிட்டார்: மேலே உள்ள சேற்றை நவம்பர் புயல் கொண்டுவந்து போட்டிருக்கலாமாம். புயல் ஒரே இடத்தில், ஒரே முழத்துக்கு, பெயின்டோடு கொண்டுவந்து போடுமாம்! ஆனால் குழு அதை நம்பினாலும் நம்பலாம். எனக்குக் காலில் கட்டு, விசாரணைக்குப் போக டாக்டர் விடவில்லை. உதவியாளர் என் அறிக்கையை வாசிப்பாள்.

உன் பெயர் எங்கேயும் வராது. சேறு போதும் என்று நினைக்கிறேன். போதாவிட்டால் வேறு வழி பார்ப்போம். நீ அந்தப் பக்கம் வராதே.

அண்ணி


மே 13
விசாரணை நடந்த ஊர், தங்கும் விடுதி

அண்ணி!

முடிவை அண்ணன் போனில் சொல்லியிருப்பார். அவர் சொன்னது எட்டு வார்த்தையாவது இருக்குமா? முழுக்கதையை நான் எழுதுகிறேன். பெட்டி இல்லை, அதனால் தபாலில் வருகிறது.

நீங்கள் வராதே என்றீர்கள். நான் எப்போது உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன்?

நீளமான அறை, மின்விசிறி கடகடவென்று ஓடுகிறது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் அம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு. உங்கள் உதவியாளர் முதலில் கொஞ்சம் தடுமாறினாள், பிறகு நாற்பத்து மூன்று சென்டிமீட்டரைச் சும்மா வெளுத்து வாங்கினாள். குழாயின் படத்தைக் காட்டியபோது பின்வரிசையில் சிப்பிக்காரம்மா எழுந்து, "அது நான் இழுத்தது!" என்றார். உட்காரச் சொன்னார்கள்.

பிறகு நிபுணர் எழுந்தார். புயல், அலை, இயற்கை என்று அழகாகப் பேசினார். தலைவர் அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எங்கள் சூப்பர்வைசர் காலை ஆட்டிக்கொண்டு சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் கால் தானாக எழுந்து நின்றுவிட்டது.

"அம்மா, அது புயல் இல்ல. நான்."

தலைவர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு?" என்றார். "அந்தச் சேத்தைக் கொண்டு போன பார்ஜோட கேப்டன். நவம்பர் எட்டுலருந்து பத்து வரைக்கும், ஆறு நடை, அங்கதான் கொட்டினேன்" என்றேன்.

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். "இவங்க டாக்டரம்மாவோட நாத்தனார்! குடும்பத்துக்காகப் பொய் சொல்றாங்க!" நான் சொன்னேன்: "சார், எந்த ஊர்ல சார் நாத்தனார் அண்ணிக்காகப் பொய் சொல்லுவா?" அண்ணி, தலைவர் அம்மாவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பின்வரிசை பெண்கள் சிரித்த சிரிப்பில் மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"ஆதாரம் இருக்கா?" என்றார் தலைவர் அம்மா. நான் பையைத் திறந்து கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. "எதுக்கும்மா இது?" என்றார். "தகட்டைப் படிங்கம்மா" என்றேன்.

படித்தார். மூன்று நாளில் பதினைந்து நடை. பிறகு நிபுணர் பக்கம் திரும்பி, "ஆழ்கடலுக்குப் போய் வர ஒரு நடைக்கு எவ்வளவு நேரம்னு உங்க அறிக்கையில இருக்கு?" என்று கேட்டார். அவர் புரட்டிப் பார்த்து, "ஏற்றுவதோடு சேர்த்து ஏழு மணி நேரம்" என்றார். பாவம், மனிதருக்கு எங்கே போகிறது என்று புரியவில்லை. தலைவர் அம்மா பென்சிலை எடுத்தார். "மூணு நாளுக்கு எழுபத்திரண்டு மணி. ஏழால வகுத்தா பத்து நடைதான் வருது. பதினைஞ்சு எப்படி வந்தது?"

நான் சொன்னேன்: "ஒன்பது நடை ஏழு மணி, அறுபத்து மூணு. ஆறு நடை, ஏத்துறதோட ஒன்றரை மணி, ஒன்பது. கூட்டிக்குங்க." கூட்டினார். எழுபத்திரண்டு. ஒரு நிமிஷம்கூட மீதி இல்லை!

வக்கீல் விடவில்லை. "தகடு அடிச்சவன் தப்பா அடிச்சிருப்பான்" என்றார். "அப்போ மேடையில மைக்கைப் பிடிச்சு வாசிச்சவரும் தப்பா வாசிச்சாரா? இதோ உக்காந்திருக்காரே" என்று கையை நீட்டினேன். சூப்பர்வைசரின் கால் ஆட்டம் நின்றுவிட்டது.

மாலை நாலு மணிக்கு உத்தரவு. இரண்டாம் கட்டம் நிறுத்தம். விரிகுடாவில் ஒரு கைப்பிடிகூடக் கொட்டக் கூடாது. பட்டறைச் சேறு முழுக்கக் கரையில் கட்டும் மூடிய குழிக்குத்தான் போக வேண்டும். முனைக்கு அப்பால் கிடக்கும் ஒரு முழத்தையும் கம்பெனி வாரி எடுக்க வேண்டும், அடியில் பதினெட்டு வரும் வரைக்கும். என் சான்றிதழ் மூன்று மாதம் முடக்கம். பிடுங்கவில்லை அண்ணி, முடக்கம்! தலைவர் அம்மா கடைசியாகச் சொன்னார்: "எல்லை எங்கன்னு இவங்களுக்குத்தான் தெரியும். மூணு மாசம் முடிஞ்சதும் போட்டவங்களே எடுக்கட்டும்."

வெளியே வந்ததும் சிப்பிக்காரம்மா என்னைக் கட்டிப்பிடித்தார். அதற்கு முன்னால் கன்னத்தில் ஒன்று வைத்தார், பலமாகத்தான். இரண்டும் எனக்கு வேண்டியதுதான். கடிகாரத்தை ஆவணமாக எடுத்துக்கொண்டார்கள். அதில்லாமல் கை வீசி நடந்து வந்தேன், அவ்வளவு லேசாக இருந்தது.

நாத்தனார்


மே 20

என் வாயாடிக்கு,

கடிதத்தை ஏழு தடவை படித்துவிட்டேன். உன் அண்ணன் அதைக் கிளினிக்குக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, விசாரணைக் கதையை அடியிலிருந்து நுனி வரைக்கும் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் அரை மணி நேரம் வாயை மூடவே இல்லையாம். "எந்தங்கச்சி, எந்தங்கச்சி" என்று தெருவில் போகிறவரைக்கூட நிறுத்திச் சொல்கிறார். இத்தனை வருடத்தில் நான் அவரை இப்படிப் பார்த்ததே இல்லை.

நான் அழுதேன். மறைப்பானேன்? உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று கடிதத்தை அலமாரியில் பூட்டி வைத்தவள் நான். நீ பூட்டையும் கேட்காமல் சாவியையும் கேட்காமல் சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போய் நின்றுவிட்டாய். பதினோரு வருடத்தைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாயே, பயமாக இல்லையா? கேட்க மாட்டேன், இருந்திருக்கும். பயந்தபடியே போயிருப்பாய்.

குப்பைத்தொட்டி என்று சொன்னேன், சோற்றுத் தட்டுக்கு முன்னால். அது தப்பு. மன்னித்துக்கொள் என்று எழுத மனசு கூசுகிறது, நேரில் சொல்கிறேன். மூன்று மாதம் உனக்கு வேலை இல்லை, எனக்கோ கால் இல்லை. வந்துவிடு. ஆய்வுக்கூடத்தில் குழாய் தூக்க ஆள் வேண்டும். அன்றைக்குப் பாதியில் விட்ட சாப்பாட்டையும் முடித்துவிட்டுப் போ.

அண்ணி


செப்டம்பர் 18
பார்ஜ்

அண்ணி,

மூன்று மாதம் ஒரே கூரைக்குக் கீழே இருந்து ஒரே ஒரு சண்டைதான் போட்டோம் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்கிறாராம். அவர் வீட்டில் இல்லாத நேரத்துச் சண்டைகள் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது.

வாரி எடுக்கும் வேலை இன்று முடிந்தது. பதினேழு நாள். ஆறு நடையில் போட்டதை எடுக்க இருபத்தொன்பது நடை ஆயிற்று. கொட்டுவதற்கு அடிக்கதவைத் திறந்தால் போதும், எடுக்கத்தான் உயிர் போகிறது. ஒவ்வொரு வாளிக்கும் கலங்கரை விளக்கத்தையும் தொட்டியையும் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது. புது சூப்பர்வைசர் ரேடியோவில் இன்று கேட்டார்: "கேப்டன், எத்தனை நடை ஆச்சுன்னு கேக்கல. முழுசா எடுத்தாச்சான்னு கேக்கிறேன்." "இன்னும் ஒரே ஒரு வாளி" என்றேன்.

கடைசி நாள் என்று தெரிந்து சிப்பிக்காரம்மா ஆட்களோடு ஒன்பது படகில் வந்து சுற்றி நின்றார். கடைசி வாளி மேலே வந்தது. கறுப்பு இல்லை அண்ணி. வெளுத்த, பச்சை கலந்த, மெத்தென்ற சேறு. உங்கள் குழாயின் கோட்டுக்குக் கீழே இருந்ததே, அதே சேறு. நான் ஹாரனை அழுத்தினேன், நிறுத்தவே இல்லை. ஒன்பது படகிலும் துடுப்பால் தட்டினார்கள். இந்தத் தடவை அவர் கை காட்டியபோது நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

கடிகாரத்தைக் குழு திருப்பி அனுப்பிவிட்டது, முதுகில் சீல் ஒட்டி: ஆவணம் எண் பதினொன்று. மறுபடி சுவரில் மாட்டியிருக்கிறேன், முகம் இந்தப் பக்கம். தகட்டைக் கழற்றவில்லை. அது அங்கேயே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

கண் சொல்வதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஆறு இடத்தில் நானே குழாய் இறக்கி எடுத்தேன், நேராகப் பிடித்து, வழுக்காமல். ஆறு டப்பாவும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. அளந்து சொல்லுங்கள். அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

நாத்தனார்


செப்டம்பர் 25

வாயாடி,

ஆறு டப்பாவையும் மூன்று தடவை அளந்தேன்.

பதினெட்டு.

அண்ணி